'ஹாட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப்': எங்கே பொருந்தும், எங்கே உறுத்தும்?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் ஆங்கிலச் செய்திக் குறிப்புகள் எழுதும் வேலையில் இருக்கிறேன். எங்கள் மதுரைக் கிளை திறப்பு பற்றி, 'தி மதுரை பிராஞ்ச் கம்ஸ் ஹாட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப் தி சேலம் ஓப்பனிங் லாஸ்ட் இயர்' என்று எழுதினேன். மேலாளர் அதை அடித்துவிட்டு, "இது பேச்சு வழக்கு, அறிக்கைக்கு ஆகாது" என்றார். உடன் வேலை செய்பவரோ, "'ஹாட்'டை மட்டும் எடுத்துவிட்டால் போதும்" என்கிறார். யார் சொல்வது சரி? 'ஹீல்' என்று ஒருமையில் எழுதலாமா?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். இந்தத் தொடர் கொச்சை அல்ல. ஆங்கில நாளிதழ்களின் செய்திப் பக்கங்களில் சாதாரணமாகப் புழங்குவதுதான். 'ஹாட்' என்ற சொல்லிலும் குற்றமில்லை. உங்கள் வாக்கியத்தில் இடிப்பது கடைசியில் நிற்கும் 'லாஸ்ட் இயர்'.

முன்னால் போகிறவரின் குதிகாலை மிதித்துவிடும் அளவுக்கு நெருங்கிப் பின்னால் வருவது, இதுதான் தொடரின் நேர்ப்பொருள். காலத்துக்குப் பயன்படுத்தும்போதும் அந்த நெருக்கம் மாறக்கூடாது. ஒன்று முடிந்து மூச்சுவிடுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது என்று வாசகருக்குத் தோன்ற வேண்டும். ஓர் ஆண்டு இடைவெளியைச் சொல்லிவிட்டு இந்தத் தொடரையும் போட்டால் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும்.

அப்படியென்றால் எத்தனை நாள் வரை போகலாம்? அதற்குப் பொதுவான அளவு கிடையாது. அந்த வகை நிகழ்ச்சி வழக்கமாக எவ்வளவு இடைவெளியில் நடக்கும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 1 செயற்கைக்கோளை 1957 அக்டோபர் 4 அன்று ஏவியது. லைக்கா என்ற நாயைச் சுமந்துகொண்டு ஸ்புட்னிக் 2 கிளம்பியது நவம்பர் 3 அன்று. ஒரு மாதம் என்பது சின்ன இடைவெளி இல்லைதான். ஆனால் மனிதகுலத்தின் முதல் செயற்கைக்கோளுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு மாதம்தான் என்றால் யாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் 'ஸ்புட்னிக் 2 கேம் ஹாட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப் ஸ்புட்னிக் 1' என்பது அழகாகப் பொருந்துகிறது. உங்கள் நிறுவனம் இருபது ஆண்டுகளாக ஒரே கிளையோடு இருந்துவிட்டு, பிறகு ஓராண்டுக்குள் இரண்டு கிளை திறந்திருந்தால் நீங்களும் தாராளமாக எழுதலாம். அப்போதும் அந்த இருபது ஆண்டுக் கதையை முன்வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் 'எ இயர் ஆஃப்டர்' என்று நேராக எழுதிவிடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அது வரிசை. 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வருவதுதான் முதலில் நடந்தது. தமிழில் நாம் முந்தியதை முதலில் சொல்லிப் பழகியவர்கள்: புயலைத் தொடர்ந்து வெள்ளம் வந்தது. ஆங்கிலத்தில் பிந்தியது எழுவாயாக முன்னால் வந்து உட்காரும்: 'தி ஃப்ளட்ஸ் கேம் ஹாட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப் தி சைக்ளோன்'. மனதில் தமிழ் வரிசையை வைத்துக்கொண்டு வேகமாக எழுதும்போது புயலும் வெள்ளமும் இடம் மாறிவிடும். இலக்கணம் சரியாகவே இருப்பதால் கணினியும் பிழை காட்டாது. திருத்துகிறவர் கண்ணிலும் படாமல் போய்விடும். எழுதி முடித்ததும் எது முந்தியது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வரிசையிலேயே எழுத ஆசையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. முந்திய நிகழ்ச்சியை ஒரு தனி வாக்கியமாக முடித்துவிட்டு, 'ஹாட் ஆன் இட்ஸ் ஹீல்ஸ் கேம்' என்று அடுத்ததைத் தொடங்கலாம். வினை முன்னால் வந்து எழுவாய் பின்னால் போகும் இந்த அமைப்பு கதை சொல்லும் நடைக்கு நன்றாக இருக்கும்.

ஒருமை, பன்மைக்கு வருகிறேன். எப்போதும் பன்மைதான். 'ஆன் தி ஹீல்ஸ் ஆஃப்', அல்லது 'ஆன் ஹிஸ் ஹீல்ஸ்'. இரண்டு 'இ' போட்டு எழுதுங்கள். ஒரு 'இ'யும் ஒரு 'ஏ'யும் போட்டால் காயம் ஆறுவதைக் குறிக்கும் சொல்லாகிவிடும். இரண்டும் அகராதியில் உள்ளவை என்பதால் எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் பெரும்பாலும் தப்பவிட்டுவிடும். 'ஆஃப்' என்பதை அடுத்து ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும். 'தட்' போட்டு முழு வாக்கியத்தைக் கொண்டுவந்து ஒட்டக்கூடாது.

சரி, 'ஹாட்' வேண்டுமா, வேண்டாமா? வெறும் 'ஆன் தி ஹீல்ஸ் ஆஃப்' என்று எழுதினாலும் பொருள் நிற்கும், தொனி மட்டும் நிதானமாகும். 'க்ளோஸ்' சேர்த்தாலும் அப்படித்தான். 'ஹாட்' என்பதில் துரத்தலின் வேகம் இருக்கிறது. வேட்டை விலங்கின் மோப்பம் புதிதாக இருந்தால் அதை 'ஹாட்' என்று சொல்வது ஆங்கில வழக்கம். 1982-இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 111ஆவது பிரிவில் 'ஹாட் பர்சூட்' என்றே ஓர் உரிமை இருக்கிறது. தன் கடற்பகுதியில் குற்றம் செய்த அயல்நாட்டுக் கப்பலை ஆழ்கடல் வரை விரட்டிப் பிடிக்கலாம், ஆனால் விரட்டல் நடுவில் அறுபடக்கூடாது என்பது அதன் நிபந்தனை. இடைவெளி விடாத அந்த விரட்டல்தான் இந்தச் சொல்லின் சூடு. பிரிட்டிஷ் எழுத்தில் 'ஹார்ட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப்' என்றும் பார்ப்பீர்கள். அது அச்சுப்பிழை அல்ல. 'கடினம்' என்று நாம் அறிந்த அந்த 'ஹார்ட்' என்பதற்கு 'மிக அருகில்' என்று ஒரு பழைய பொருளும் உண்டு. ஹாம்லெட் நாடகத்தில் தந்தையின் இறுதிச் சடங்கை ஒட்டியே தாயின் மறுமணம் நடந்ததைப் பற்றிப் பேசும் இடத்தில் ஷேக்ஸ்பியர் அதே பொருளில்தான் அந்தச் சொல்லைக் கையாள்கிறார். அதே நாடகத்தில் ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியா இறந்த செய்தியைச் சொல்ல வரும் அரசி, ஒரு துயரம் இன்னொரு துயரத்தின் குதிகாலை மிதித்துக்கொண்டு வருகிறது என்கிறாள். பட்ட காலிலே படும் என்று நம் ஊரில் சொல்வதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்!

அரசி அப்படிச் சொல்கிறாளே என்று துயரச் செய்திகளில் 'ஹாட்' போட்டுவிடாதீர்கள். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது, சுமார் ஒன்பது மணி நேரத்தில் 7.5 அளவில் இன்னொன்று. இடைவெளியைப் பார்த்தால் தொடர் பொருந்தும். ஆனால் பல்லாயிரம் பேர் இறந்த இடத்தில் துரத்தல் விளையாட்டின் பரபரப்பைக் கொண்டுவருவது எனக்கு ஒப்பவில்லை. 'நைன் அவர்ஸ் லேட்டர்' என்ற மணிக்கணக்கே அங்கே போதும்.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்தத் தொடர் அடுத்தடுத்து நடந்ததை மட்டுமே சொல்லும், ஒன்றால் இன்னொன்று நடந்தது என்று சொல்லாது. 1998 மே 11, 13 தேதிகளில் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. மே 28, 30 தேதிகளில் பாகிஸ்தான் நடத்தியது. இதை 'க்ளோஸ் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப்' என்று எழுதினால் தேதி நெருக்கம் மட்டுமே கிடைக்கும். பாகிஸ்தானின் சோதனை இந்தியாவுக்குப் பதிலடி என்பதையும் சொல்ல வேண்டுமானால் 'இன் ரெஸ்பான்ஸ் டு' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். 'இன் தி வேக் ஆஃப்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பின்விளைவின் சாயல் அதில் உண்டு, அவசரம் அவ்வளவாக இல்லை.

'இன் தி ஃபுட்ஸ்டெப்ஸ் ஆஃப்' என்பதோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒருவரை முன்மாதிரியாகக் கொண்டு அடியொற்றி நடப்பது, நூறு ஆண்டு கழித்தும் நடக்கலாம். திருடனைப் பற்றித் துப்பு கிடைத்து, ஆள் இன்னும் கண்ணில் படவில்லையென்றால் 'ஹாட் ஆன் தி டிரெயில்'. ஆள் ஓடுகிறான், காவலர் இதோ எட்டிப் பிடிக்கப்போகிறார் என்றால்தான் 'ஹாட் ஆன் ஹிஸ் ஹீல்ஸ்'.

விளையாட்டுச் செய்தியிலும் இதே கவனம் வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜொகாருவுக்கு 55.41. நூறில் ஒரு விநாடி! அங்கே யாரும் யாருடைய குதிகாலுக்கும் பின்னால் இல்லை, இருவரும் ஒரே கோட்டில் வந்தார்கள். அந்த முடிவுக் கோட்டை விவரிக்க 'நெக் அண்ட் நெக்'தான் சரி.