உறைபனிச் சாலையில் ஓடுகிறவர்கள்: வாசகர் கேள்வி, பயிற்சியாளர் பதில்

(இந்த இதழின் கேள்விகளுக்குப் பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, வணக்கம். ஜப்பானிய வீரர் யூகி கவாவுச்சி உறைநிலைக்குக் கீழே 17 டிகிரி குளிரில் முழு மாரத்தான் ஓடினார் என்று படித்தேன். மார்கழியில் 22 டிகிரிக்கே போர்வை தேடும் எனக்கு இது வியப்பாக இருக்கிறது. மெல்லிய உடையில் ஓடும் இவர்கள் விறைத்துப்போகாமல் இருப்பது எப்படி?
– கல்லூரி மாணவர், பணகுடி

பதில்: தம்பி, நீங்கள் படித்தது உண்மைதான். 2018 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்ஷ்ஃபீல்டு என்ற ஊரில் நடந்த சிறிய புத்தாண்டு மாரத்தானில் அவர் 2 மணி 18 நிமிடம் 59 விநாடியில் ஓடி முடித்தார். அன்று முழுத் தூரத்தையும் முடித்தவர் அவர் ஒருவர்தான். 2 மணி 20 நிமிடத்துக்குள் அவர் முடித்த 76-வது மாரத்தான் அது. அந்த எண்ணிக்கையே உலக சாதனையாகவும் அமைந்தது. அப்போது அவர் முழுநேர வீரர்கூட இல்லை. சைத்தாமா மாநில அரசின் ஊழியராக ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விறைத்துப்போகாததற்குக் காரணம் அவருடைய வேகம். ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அவர் உடலிலிருந்து ஆயிரம் வாட் அளவுக்கு வெப்பம் பிறக்கிறது. நம் வீட்டு மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்று விடாமல் எரிந்துகொண்டிருப்பதற்கு இணையானது இது. அந்த வெப்பம் உள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும்வரை, உலர்ந்த குளிர் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் உடலின் நடுப்பகுதியை அது எளிதில் தொடுவதில்லை.

ஆனால் இதே மனிதரின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. இளைஞர்கள் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் மாரத்தான் நடந்தது. வெப்பநிலை உறைநிலைக்கு மேலேதான், 3 டிகிரியை ஒட்டி இருந்தது. ஆனால் மழை கொட்டியது. கடுமையான எதிர்காற்றும் வீசியது. ஜனவரியின் குளிரோடு ஒப்பிட்டால் இது இதமானது என்றுதான் எண்ணத் தோன்றும். நடந்ததோ நேர்மாறு. உலகின் முன்னணி வீரர்களும் வீராங்கனைகளும் பலர் பாதி வழியிலேயே விலகினார்கள். கவாவுச்சி முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஜெஃப்ரி கிருயியைக் கடைசிக் கட்டத்தில் முந்தி, 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் வென்றார். பெண்களில் டெஸ் லிண்டன் 2 மணி 39 நிமிடம் 54 விநாடியில் வென்றார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்.

வேறுபாடு ஈரத்தில் இருக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த உடையின்மீது காற்றும் வீசினால், தசைகள் உண்டாக்கும் வெப்பம் போதாமல் போகிறது. அதனால் தசை குளிர்கிறது, குளிர்ந்த தசையின் விசை குறைகிறது, வேகம் தளர்கிறது. வேகம் தளர்ந்ததும் பிறக்கும் வெப்பம் இன்னும் குறைகிறது. இந்தச் சுழலில் ஒருமுறை அகப்பட்டவர் மீள்வது அரிது. முன்னணி வீரர்கள் மெலிந்த உடல்வாகு கொண்டவர்கள், தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே வேகம் இருக்கும்வரை நம்மைவிடப் பாதுகாப்பாக இருப்பவர்கள், அது போனதும் நம்மைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுகிறார்கள்.

இதைக் கண்ணால் காண நான் வெளிநாடு போக வேண்டியிருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் மாஞ்சோலைப் பாதையில் மாணவர்களை ஓடவைத்தேன். ஏறும்வரை எல்லாரும் மழையில் நனைந்தபடி உற்சாகமாகவே இருந்தார்கள். மேலே பஸ்ஸுக்காக நின்ற இருபது நிமிடத்தில் ஒரு பையனுக்குப் பல் கிட்டித்து, பேச்சுக் குழறத் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று உலர்ந்த வேட்டியும் சூடான கருப்பட்டிக் காப்பியும் தந்ததால் அவன் தேறினான். அன்றிலிருந்து மாற்றுத் துணி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மலைக்கு நான் அழைத்துச் சென்றதில்லை.

கேள்வி: ஐயா, என் மகன் கனடாவில் படிக்கிறான். பனிக்காலத்திலும் சாலையில் ஓடிப் பந்தயங்களில் கலந்துகொள்கிறான். அந்தக் குளிர்காற்றை இழுத்தால் நுரையீரல் உறைந்துவிடாதா? முகத்தில் தடவிக்கொள்ளத் தேங்காய் எண்ணெய் அனுப்பலாமா?
– இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்

பதில்: அம்மா, நுரையீரல் உறையாது, அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றைக் கடந்து உள்ளே ஆழத்துக்குச் செல்வதற்குள் காற்று உடலின் சூட்டைப் பெற்றுவிடுகிறது. சிரமம் தருவது அந்தக் காற்றின் வறட்சி. கடுங்குளிர்க் காற்றில் ஈரம் மிகக் குறைவு. பந்தய வேகத்தில் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேலாக அதை இழுத்து வெளிவிடும்போது மூச்சுக்குழாயின் உட்சுவர் உலர்ந்து, சிலருக்குச் சுருங்கிக்கொள்கிறது. இருமலும் இளைப்பும் அதனால்தான் வருகின்றன. பனிச்சறுக்கு வீரர்களிடையே ஆஸ்துமா மிகுதியாகக் காணப்படுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். அவர்களுடைய நெடுந்தூரப் போட்டிகளை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியைத் தாண்டினால் நடத்துவதில்லை. தங்கள் மகனுக்கு ஓடியபின் நெஞ்சில் விசில் ஓசை கேட்குமானால் அங்குள்ள மருத்துவரிடம் அவசியம் காட்டச் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், வாயையும் மூக்கையும் மூடும் மெல்லிய துணிப்பட்டை ஒன்று போதும். வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் அது பிடித்துவைத்து, அடுத்த மூச்சுக்குக் கொடுக்கும்.

எண்ணெய் அனுப்ப வேண்டாம். மார்கழி விடியலில் நம் வீட்டுப் புட்டியிலேயே உறைந்துபோகும் எண்ணெய் அது. எந்த எண்ணெயோ களிம்போ பூசினாலும் தோல் கதகதப்பாக இருப்பதுபோலத் தோன்றுமே தவிர, கடுங்குளிரில் தோல் உறைந்து கெடும் பனிக்கடியை அது தடுக்காது. அந்தப் பொய்யான கதகதப்பு மரத்துப்போவதைக்கூட உணரவிடாமல் செய்யும். அதற்குப் பதிலாக, காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்றை அனுப்புங்கள்.

கேள்வி: குளிர்காலப் பந்தயப் படங்களில் வீரர்கள் கையுறை அணிந்து, காலை மட்டும் திறந்துவிட்டு ஓடுகிறார்களே, ஏன்?
– பள்ளி மாணவி, களக்காடு

பதில்: கால்தான் அடுப்பு. விரல்களில் வெப்பம் உண்டாக்கும் தசை இல்லை, தோல்பரப்போ அதிகம். உடல் குளிர்ந்தால் முதலில் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைத்தான் அது குறைத்துக்கொள்ளும். விரல் மரத்தால் தண்ணீர்ப் புட்டியைக்கூடப் பிடிக்க முடியாது.

கேள்வி: அண்ணாச்சி, லடாக்கில் இரண்டு குளிர்காலம் பணியாற்றியவன் நான். நம் வெயிலில் ஓடுவது கடினமா, கடுங்குளிரில் ஓடுவதா? நம் ஊர்ப் பையன் ஒருவன் குளிர்நாட்டுப் பந்தயத்துக்குப் போவதானால் இங்கிருந்தே எப்படித் தயாராவது?
– முன்னாள் ராணுவ வீரர், வள்ளியூர்

பதில்: ஓடும் நேரத்தை வைத்துச் சொன்னால் வெயில்தான் கொடியது. மாரத்தானுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியே உகந்தது. அங்கிருந்து வெப்பம் ஏற ஏற ஏற்படும் இழப்பு, அதே அளவு இறங்கும்போது ஏற்படுவதில்லை. முன்பு சொன்ன பாஸ்டனிலேயே ஆண்களில் 2018-ஐவிட மெதுவான வெற்றி நேரம் வேண்டுமென்றால் 1976-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வாட்டியது வெயில். வழிநெடுக மக்கள் ரப்பர்க் குழாயால் ஓடுகிறவர்கள்மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள்.

வெயிலுக்கு உடல் இரண்டு வாரங்களில் ஓரளவு பழகிவிடும். குளிருக்கு அப்படிப் பழகுவது மிகக் குறைவு என்பதால், உடையும் பழக்கமும்தான் அங்கே துணை. காற்றுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உங்கள் ஊர்ச் சாலைக்கே வருகிறது. உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது உறைநிலைக்குக் கீழே 24 டிகிரிபோல உறைக்கும். ஆகவே பயிற்சியின்போது முதல் பாதியைக் காற்றை எதிர்த்து ஓடி, வியர்த்த பின் காற்று முதுகில் படும்படி திரும்பும் வழக்கத்தை இங்கேயே பழக்குங்கள். கையுறை அணிந்தபடி தண்ணீர் குடிக்கவும் பழகட்டும். அங்கே போன பின் வார்ம்-அப் நேரத்தைக் கூட்டி, பந்தயம் தொடங்கும் நிமிடம்வரை மேலுடையைக் கழற்றாமல் இருக்க வேண்டும். பருத்திப் பனியன் வேண்டாம், அது வியர்வையைப் பிடித்துக்கொள்ளும். பையனுடன் செல்பவர் யாராக இருந்தாலும், உலர்ந்த உடையும் கம்பளியும் கொண்ட பையோடு முடிவுக் கோட்டருகே அவன் வருவதற்கு முன்பே நிற்கட்டும்.