கூலிக்காரர்களின் கொடிவழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கும்பகோணத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் காலமான பிறகு பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அருகே மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் அமெரிக்கப் பெண். பேத்திக்குப் பத்து வயது. பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தை நானே சொல்லிவிட்டேன்: ஐந்து தலைமுறைப் பெயர், பூர்வீக ஊர், குலதெய்வம், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பது வரை. மருமகள் பக்கம் இரண்டு கட்டங்களோடு நின்றுவிட்டது.

என் சம்பந்தி ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர், 1986இல் அது மூடப்படும்வரை. அவருடைய அப்பாவும் அதே ஆலை, தாத்தாவும் அதே ஆலை. அதற்கு மேல் கேட்டால், "எங்களுக்கு என்ன வரலாறு இருக்கிறது? எல்லாரும் கூலிக்காரர்கள்" என்று கையை விரிக்கிறார். தாத்தா ஆஸ்திரியாவிலிருந்து வந்தார் என்கிறார் இவர். இல்லை, ஹங்கேரி என்கிறார் இவருடைய அக்கா. அவர்கள் போகும் தேவாலயமோ ஸ்லோவாக்கியர்கள் கட்டியது. சொந்த நிலம் இருந்ததில்லை, உயில் எழுதியவர் யாருமில்லை. இப்படிப்பட்ட குடும்பத்தின் கதையைத் தேடி எடுக்க முடியுமா? பேத்திக்கு நான் என்ன சொல்வது?

அன்புடன்,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மா,

முடியும். நிலமும் உயிலும் இல்லாத குடும்பத்தையும் நான்கு தலைமுறை பின்னோக்கித் தேடிப் போகலாம். ஒரே ஆலையைச் சுற்றி வாழ்ந்த குடும்பம் என்றால் இன்னும் நன்றாகவே போகலாம்.

ஆனால் உங்கள் சம்பந்தியின் பதில் என்னை வருத்துகிறது. அவர் வேலை பார்த்த ஆலைக்கு வெளியே, மொனொங்கஹேலா ஆற்றங்கரையில், 1892 ஜூலை 6 அன்று வேலைநிறுத்தத் தொழிலாளர்களும் படகில் வந்திறங்கிய பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் கூலிப்படையினரும் சுட்டுக்கொண்டார்கள். இரு பக்கமும் உயிர்ப்பலி. ஆலையை நடத்திய கார்னகி நிறுவனம் தொழிற்சங்கத்தை ஆலையைவிட்டே துரத்தியது; சங்கத்துக்கு மீண்டும் அங்கீகாரம் கிடைக்க 1937 வரை ஆயிற்று. இடைப்பட்ட அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில்தான் சங்கம் இல்லாத ஆலைக்கு, குறைந்த கூலிக்கு, கிழக்கு ஐரோப்பாவின் கிராமங்களிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். சம்பந்தியின் தாத்தா பெரும்பாலும் அவர்களில் ஒருவர். கூலிக்காரர்கள் என்று அவர் ஒதுக்குவது அமெரிக்கத் தொழில் வரலாற்றின் நடுப்பகுதியை.

ஆஸ்திரியாவா ஹங்கேரியா என்ற வழக்கில் அக்காவும் தம்பியும் மோத வேண்டியதில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் ஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு கிடையாது. 1918 வரை அந்த நிலம் ஹங்கேரி அரசின் வடபகுதி. ஹங்கேரி, ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பாதி. ஒரே மனிதர் ஓர் ஆவணத்தில் ஆஸ்திரியாக்காரர், அடுத்ததில் ஹங்கேரிக்காரர், 1920க்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாக்காரர். அவர் ஊர் மாறவில்லை, எல்லைதான் மாறியது. அதனால் நாட்டின் பெயரை நம்பித் தேடாதீர்கள். 1910, 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தாய்மொழி என்ன என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டம் நாட்டின் பெயரைவிட நம்பகமானது.

குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவதும் இங்கே சரிவராது. நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களை விசாரித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று அமெரிக்கக் குடும்பங்களில் பாதிப் பேர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் எழுதப்பட்ட பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் விசாரித்தார்கள். பெயர் உருமாறியது பிறகு, ஆலையின் சம்பளக் கணக்கிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும். கணக்கெடுப்பாளர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே குடும்பம் பத்தாண்டுக்கு ஓர் எழுத்துக்கூட்டலில் வரும். ஆகவே தெருவைப் பிடியுங்கள், வேலையைப் பிடியுங்கள். தொழிலாளி குடும்பம் வேலை இருந்த இடத்தில் இருந்தது, வேலை போனபோது நகர்ந்தது. அதன் தடம் கூலியோடு போகிறது.

அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டு கழித்து, ஆள் பெயரோடு அப்படியே பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தன. சம்பந்தியின் அப்பா அதில் இளைஞராக இருப்பார். 1940இல் அவர் பதின்வயதுப் பையனாக இருந்திருக்கலாம். அந்தத் தாளில் வீட்டிலுள்ளவர்கள் எத்தனையாவது வகுப்பு வரை படித்தார்கள், முந்தைய ஆண்டு எத்தனை வாரம் வேலை கிடைத்தது, எவ்வளவு சம்பாதித்தார்கள் என்றெல்லாம் இருக்கும். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் கடைசி ஆண்டுகள் அந்த வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

1910ஆம் ஆண்டுத் தாள் கிடைத்தால் அவசரப்பட்டுப் புரட்டாதீர்கள். ஹோம்ஸ்டெட் போன்ற ஊர்களின் தாளில் ஒரு வீடு பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதல் வரியில் குடும்பத் தலைவர், வயது முப்பதுக்குள், தொழில் என்ற கட்டத்தில் கூலியாள், இடம் எஃகு ஆலை. அடுத்த வரியில் மனைவி. பிறகு இரண்டு மூன்று குழந்தைகள். அதற்குக் கீழே வரிசையாக ஐந்தாறு ஆண்கள், உறவு என்ற கட்டத்தில் சாப்பாட்டோடு குடியிருப்பவர்கள் என்ற குறிப்பு. எல்லாருக்கும் அதே தொழில், அதே ஆலை. வீடு என்பது இரண்டு அறை.

மனைவியின் வரிக்குத் திரும்புங்கள். தொழில் என்ற கட்டத்தில் ஏதுமில்லை என்று எழுதியிருக்கும். அந்த ஆண்கள் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் போனார்கள். பலருக்கு ஞாயிறும் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் மாறும்போது தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரம். அந்த முறை 1923 வரை நீடித்தது. பகலில் போனவர் எழுந்த படுக்கையில் இரவில் போனவர் வந்து படுப்பார். இரண்டு ஷிஃப்டுக்கும் சமைத்தவள், பொது முற்றத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தவள், கரியேறிய துணிகளைத் துவைத்தவள் அந்தப் பெண். ஆலைக் கூலியில் விழுந்த துண்டை அவள் வாங்கிய சாப்பாட்டுப் பணம்தான் அடைத்தது. அரசாங்கம் ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. பேத்தி வரையும் மரத்தில் அந்த எள்ளுப்பாட்டியின் கட்டத்தில், தயவுசெய்து, அவள் செய்த வேலையை எழுதச் சொல்லுங்கள்.

அதே வரியில் இரண்டு எண்கள் இருக்கும். 1900, 1910 இரண்டு கணக்கெடுப்பிலும் தாய்மார்களிடம் எத்தனை குழந்தை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்டார்கள். ஏழு, நான்கு என்று இருந்தால் மூன்று பிள்ளைகளின் பெயர் எந்தக் கணக்கெடுப்பிலும் வராமலே போயிருக்கலாம். தேவாலயத்தின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளில் அந்தப் பெயர்கள் இருக்கும்.

குடியிருந்த ஆண்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், மச்சான், பங்காளி முறைக்காரர்கள். உங்கள் ஆளின் சொந்த ஊர் எங்கும் கிடைக்கவில்லை என்றால் அவர் வீட்டில் தங்கியிருந்தவரின் ஊர் கிடைக்கலாம். 1907 முதல் கப்பல் பட்டியல்களில் பிறந்த ஊர், ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயர், அமெரிக்காவில் யாரிடம் போகிறார், அவர் முகவரி, கையில் எத்தனை டாலர் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஒரே மனிதர் இரண்டு மூன்று கப்பல்களில் வந்தால் குழம்ப வேண்டாம். நாலு காசு சேர்த்து ஊரில் நிலம் வாங்கலாம் என்று வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தவர்கள் ஏராளம்.

இன்னும் சில இடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரின்போது 1917, 1918இல் சுமார் இரண்டு கோடியே நாற்பது லட்சம் ஆண்கள் படைப் பதிவு அட்டை நிரப்பினார்கள், குடியுரிமை இல்லாதவர்களும் சேர்த்து. கண் நிறம், முடி நிறம், முதலாளி பெயர், அடியில் அவருடைய கையெழுத்தோ கைக்குறியோ. படம் எடுத்துக்கொள்ள வசதியில்லாத மனிதரைக் கண்முன் கொண்டுவர அந்த அட்டை போதும். குடியுரிமை மனுக்கள் 1906 சட்டத்துக்குப் பிறகு விரிவானவை: வந்த கப்பல், மனைவி பெயர், பிள்ளைகள் பிறந்த தேதி. 1936 கடைசியில் தொடங்கிய சோஷியல் செக்யூரிட்டி (அரசின் ஓய்வூதியத் திட்டம்) எண்ணுக்கான விண்ணப்பத்தில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் உண்டு. பெண்வழி அறுந்துபோகும் இடத்தில் முடிச்சுப் போட அது உதவும். ஸ்லோவாக்கியத் தொழிலாளர்கள் தமக்குத்தாமே சங்கங்கள் வைத்துச் சாவுப் பணத்துக்குச் சந்தா கட்டினார்கள். தேசிய ஸ்லோவாக்கியச் சங்கம் 1890இல் பிட்ஸ்பர்க்கிலேயே தொடங்கியது. முதலாளிகளிடமிருந்து முறையான இழப்பீடு கிடைக்காத காலத்தில் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஏன் அந்த ஏற்பாடு தேவைப்பட்டது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற இளம் வழக்கறிஞர் 1906 ஜூலை முதல் ஓராண்டுக்கு, பிட்ஸ்பர்க்கை உள்ளடக்கிய அலெகேனி கவுண்டியில் (நம் மாவட்டம் போல) வேலையில் செத்தவர்களைக் கணக்கெடுத்தார்: 526 பேர். அதில் எஃகுத் தொழிலாளர்கள் 195. ஒரே கவுண்டி, ஒரே ஆண்டு. பென்சில்வேனியாவின் இறப்புச் சான்றிதழ்கள் 1906இலிருந்து உண்டு. ஐம்பதாண்டு கடந்தவை யாரும் பார்க்கலாம். உங்கள் மருமகளின் குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் இறந்த ஆண் யாராவது இருந்தால், சாவுக்குக் காரணம் என்ற கட்டத்தைப் படிக்கும் முன் சம்பந்தியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். தனியாகப் படிக்க வேண்டிய செய்தியாக அது இருக்காது.

கிடைக்காதவையும் உண்டு. 1890 கணக்கெடுப்பு 1921இல் வாஷிங்டனில் நடந்த தீயில் பெரிதும் சேதமாகி, மிஞ்சியதில் பெரும்பகுதியும் பிறகு அழிக்கப்பட்டது. இவர்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள் என்றால் கவலையில்லை. 1973இல் செயின்ட் லூயிஸ் படைவீரர் ஆவணக் காப்பகம் எரிந்தது அப்படியல்ல. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ எண்பது சதவீதம் அதில் போயிற்று. சம்பந்தியின் அப்பா இரண்டாம் உலகப் போரில் தரைப்படையில் இருந்திருந்தால் வீட்டிலுள்ள விடுவிப்புச் சான்றிதழே கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும். பரணில் தேடச் சொல்லுங்கள்.

அதே ஆலையில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளியின் பேத்தி இதே மரத்தை வரைந்தால் அவள் மோதும் சுவர் வேறு. 1850, 1860 அடிமைக் கணக்குகளில் அவளுடைய முன்னோருக்குப் பெயர் இல்லை. உடையவன் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும். தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் எல்லாரும் பெயரோடு பதிவானது 1870இல்தான். உங்கள் பேத்தியின் வகுப்பில் அப்படி ஒரு குழந்தை இருக்கும். ஆசிரியையாக இருந்த நீங்கள் அதையும் அவளுக்குச் சொல்லலாம்.

இப்போது செய்ய வேண்டியது. கணினியைத் திறக்கும் முன் பேத்தியைத் தாத்தாவிடம் அனுப்புங்கள். வரலாறு என்ன என்று கேட்க வேண்டாம். அதற்கு அவர் பதில் சொல்லமாட்டார். எந்தப் பிரிவில் வேலை, உலையா, தகடு உருட்டும் இடமா, முதல் நாள் யார் வேலை சொல்லிக்கொடுத்தார், சாப்பாட்டு வாளியில் என்ன கொண்டுபோனார், அப்பா எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று கேட்கட்டும். தெருவின் பெயர் கிடைத்ததும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1950 தாளைப் பாருங்கள், கட்டணம் இல்லை. அந்த ஸ்லோவாக்கியத் தேவாலயத்துக்கு இப்போதே ஒரு கடிதம் போடுங்கள். பழைய பதிவேடுகள் மறைமாவட்டத்துக்குப் போயிருந்தால் அவர்களே வழி சொல்வார்கள். கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள், சில கற்களில் பிறந்த ஊரையே பொறித்திருப்பார்கள். ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால் ஸ்லோவாக்கியாவின் பழைய தேவாலயப் பதிவேடுகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பெரும்பாலும் லத்தீனிலும் ஹங்கேரிய மொழியிலும் எழுதப்பட்டவை, வாசிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படிப்போம்.

அன்புடன்