குரோம்பேட்டையில் பழைய ஃபிளாட்டா, கூடுவாஞ்சேரியில் புது வீடா?

சென்னை கிண்டியில் வேலை, ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள், கூடவே வயதான அம்மா என்று எழுதி, இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் நான் குரோம்பேட்டையைத்தான் எடுப்பேன்.

முதல் காரணம் ரயில். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். குரோம்பேட்டை அதற்கு முன்பே வந்துவிடும்; தாம்பரம் தாண்டி கூடுவாஞ்சேரிக்குப் போக செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு, நிற்கவே இடமில்லாத பெட்டியில் ஏறிப் பாருங்கள், புரியும். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு சேருகிற அப்பாவாக நான் நான்கு வருடம் இருந்தேன். அந்த நாட்கள் திரும்பி வராது.

அப்புறம் அம்மா. குரோம்பேட்டையில் மருந்துக்கடை, மருத்துவமனை, கோயில், காய்கறிக் கடை எல்லாம் நடக்கிற தூரம். புது மனைப்பிரிவில் பால் பாக்கெட்டுக்கே வண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

பழைய ஃபிளாட்டில் கவனிக்க வேண்டியது நிலப்பங்கு. யுடிஎஸ், அதாவது மொத்த மனையில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்று பத்திரத்தில் பாருங்கள். நாளைக்கு இடித்துக் கட்டினால் அதுதான் உங்கள் சொத்து. மொட்டை மாடியில் நீர்க்கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு கூடுவாஞ்சேரிப் பக்கம் வளர்வது உண்மைதான். கூடுவாஞ்சேரிதான் என்று முடிவெடுத்தால், மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2015 வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூர் பட்ட பாடு நினைவிருக்கும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். தரகர் அதைச் சொல்லமாட்டார்.