கடல் தாண்டிய குழுவும் செவ்வாய்க்கிழமையின் மௌனமும்

கேள்வி: நாங்கள் தாராவியில் வசிக்கும் நான்கு கல்லூரி நண்பர்கள், கைப்பேசியில் சிறு ஆவணப்படங்கள் எடுக்கிறோம். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த பாட்டிமாரைப் பற்றி, யாழ்ப்பாணத்தில் இருவரோடும் கோலாலம்பூரில் மூவரோடும் சேர்ந்து ஒரு தொடர் செய்யத் தொடங்கினோம். நான்கு மாதமாக வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடுகிறதே தவிர, ஒரு நிமிடப் படம்கூட வரவில்லை. ‘டிசைன் ஸ்பிரிண்ட்’ நடத்துங்கள் என்கிறார் ஒருவர். அது மென்பொருள் நிறுவனங்களுக்கு உரியதல்லவா?
– வாசகி, மும்பை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஒரு சிக்கலுக்குச் சில நாளிலேயே தீர்வு வரைந்து, மாதிரி செய்து, சோதித்துப் பார்க்கும் அம்முறை அத்தகைய இடத்தில்தான் பிறந்தது. கூகுளில் பணியாற்றிய ஜேக் நாப் 2010இல் தொடங்கியது, பின்னர் அதன் முதலீட்டுப் பிரிவான கூகுள் வென்ச்சர்ஸில் ஐந்து நாள் ஒழுங்காக உருப்பெற்றது. திங்களன்று சிக்கலை வரைபடமாக்குவார்கள். செவ்வாயன்று ஒவ்வொருவரும் தனியே தீர்வை வரைவார்கள். புதனன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வியாழனன்று மாதிரி செய்து, வெள்ளியன்று ஐந்து பேரிடம் காட்டுவார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, இவற்றுள் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது செவ்வாய்க்கிழமையின் மௌனம்தான் என்று எனக்குத் தோன்றியது.

காணொளி அழைப்புகளில், இணைப்பு நன்றாக இருப்பவரும் பேசக் கூச்சப்படாதவரும் சொல்வதே குழுவின் கருத்தாகிவிடுகிறது. மும்பை சயானில் நான் நடத்திய ஒரு பயிலரங்கில், யாழ்ப்பாணத்திலிருந்து இணைந்த மாணவி ஒருவர் இரண்டு அழைப்புகளிலும் ‘ஓம்’ (ஆம்) என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. மூன்றாம் அழைப்பில் எல்லாரும் ஒலியை நிறுத்திவிட்டு, ஒரு தாளை எட்டாக மடித்து, எட்டு நிமிடத்தில் எட்டுக் கட்டங்களையும் வரைந்து நிரப்பினோம். பெயர் எழுதாத அத்தாள்களைப் படமெடுத்து ஒன்றாக வைத்து, பிடித்த கட்டத்தில் புள்ளியிட்டு வாக்களித்தபோது, மிகுதியான புள்ளிகள் விழுந்தது அந்த மாணவியின் ஆறாம் கட்டத்துக்கு: தையல் இயந்திரச் சக்கரத்தில் ஒரு முதிய கை, பக்கத்தில் ஒரு வானொலிப் பெட்டி, வேறொன்றுமில்லை. எங்கள் படம் அந்தக் கட்டத்திலிருந்தே பிறந்தது.

இம்முறையில் ஏழு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. நீங்களோ ஒன்பது பேர். ஆகவே இருவர், மாதிரியைப் பார்க்கப் போகிறவர்களைத் தேடும் பொறுப்பை ஏற்கட்டும். ‘இதுதான்’ என்று இறுதியாகச் சொல்லும் உரிமையையும் தொடக்கத்திலேயே ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். நாகரிகம் கருதி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, யாருமே முடிவெடுக்காமல்தான் நான்கு மாதம் கழிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆள் பலம் மும்பையில் இருப்பதால், முதல் படத்துக்கு அந்த உரிமை மும்பைக்கு வராமல் இருப்பதே நியாயம்.

கல்லூரியையும் வேலையையும் விட்டு ஐந்து முழு நாள் உட்கார உங்களால் முடியாது. இரண்டு வார இறுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே நேரம். கோலாலம்பூர் இரண்டரை மணி நேரம் முந்தியது. நமக்குக் காலை 9 மணி என்றால் அவர்களுக்கு 11.30. மாலைக் கூட்டங்களில் அவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார நேரும் என்பதால் காலையே நல்லது. வரையும் வேளையில் அழைப்பைத் துண்டித்துவிடலாம், தாளுக்கு இணையம் வேண்டியதில்லை.

மாதிரி என்றதும் படத்தொகுப்பில் இறங்கிவிடாதீர்கள். தேர்த் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுகிறோமே, அதைப் போன்றதுதான் இதுவும். சக்கரம் உருள்கிறதா என்று தெரிந்தால் போதும், அலங்காரம் பிறகு ஆகட்டும். கைப்பேசியில் எடுத்த பத்து நிழற்படங்களும் உங்களுள் ஒருவரின் குரலும் சேர்ந்த 90 விநாடி போதுமானது. அதை மூன்று ஊரிலுமாக, உங்களுக்கு நெருக்கமில்லாத ஐந்து பேரிடம் தனித்தனியே காட்டுங்கள். பார்க்கும்போது விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் நெற்றியைச் சுருக்குகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘அம்மம்மா கதைச்சவ’ என்று யாழ்ப்பாணக் குரல் சொன்னால், பாட்டி பேசினார் என்பது தாராவியில் எத்தனை பேருக்கு உடனே விளங்கும்? நாம் இயல்பாகச் சொல்லும் ‘சால்’ என்பது தோட்டத்து லயம்போல வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு என்று கோலாலம்பூரில் யார் சொல்லித் தருவார்கள்? இப்படிப்பட்ட சொற்களை வெட்டி எறிய வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். உங்கள் தொடரின் உயிரே அவற்றில் இருக்கிறது. எந்தச் சொல்லுக்கு ஒரு காட்சி துணை தேவை என்பதை அந்த ஐந்து முகங்கள் காட்டிவிடும்.

படம் யாருக்குச் சொந்தம் என்ற உரிமையைப் பற்றியும் மனம் விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். நான் பங்கெடுத்த ஒரு கூட்டுப் படத்தை, குழுவில் ஒருவர் தம் பெயரில் மட்டும் போட்டிக்கு அனுப்பிவிட, பத்தாண்டு நட்பு முறிந்தது. இன்றும் அதை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. எங்களிடம் எழுத்தில் எதுவுமே இருக்கவில்லை. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுக்கே செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். மூன்று நாட்டினர் சேர்ந்து செய்யும் வேலையில் இந்த இரண்டையும் விட்டுவைப்பது ஆபத்து. யார் பெயர் எந்த வரிசையில் வரும், யார் எங்கே வெளியிடலாம், வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது, பாட்டிமாரின் சம்மதத்தை எப்படிப் பதிவு செய்வது என்று ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, முதல் சனிக்கிழமைக்கு முன்பே ஒன்பது பேரும் கையெழுத்திட்டுவிடுங்கள்.