641-க்கு ஏழு படி முன்னால்

கேள்வி: டீச்சர், சதுரங்கக் கட்டத்தில் ஒரு நெல், இரண்டு நெல், நான்கு நெல் என்று இரட்டித்து வைக்கும் கதையை என் மகளுக்குச் சொன்னேன். பாதிப் பலகை வரை, அதாவது 32 கட்டம் வரை கூட்டினோம். 4294967295 வந்தது. 5-ல் முடிவதால் அது பகு எண் என்று ஒதுக்கிவிட்டு, அவளே 2 கூட்டி 4294967297 ஆக்கினாள். 600 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்தாயிற்று, ஒன்றிலும் மீதியில்லாமல் போகவில்லை. இது பகா எண்தானே?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: இல்லையம்மா. வெண்ணெய் திரளும் நேரத்தில் மத்தைக் கீழே வைத்துவிட்டீர்கள். 109 பகா எண்களால் வகுத்த கை, இன்னும் ஏழு பார்த்திருந்தால் போதும். 601, 607, 613, 617, 619, 631, அடுத்தது 641. அதில் சிக்கும்.

பத்து இலக்கத்தை வகுக்க வேண்டாம், மீதியை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். 2-ஐ 16 முறை பெருக்கினால் 65536. அதை 641-ஆல் வகுத்தால் மீதி 154. 154-ஐ அதனாலேயே பெருக்குங்கள்: 23716. இப்போது 641-ஐ 37-ஆல் பெருக்குங்கள்: 23717. ஒன்றுதான் குறைகிறது! உங்கள் எண் 65536-ன் வர்க்கத்தோடு 1 கூட்டியது. குறைந்த அந்த ஒன்று அங்கே வந்து சேர்ந்துவிடுகிறது. ஓய்வு பெறும் வரை ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். அந்த இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியதும் வகுப்பே ஒரு நிமிடம் அடங்கிவிடும்.

இந்த எண்ணைப் பகா எண் என்று நம்பியவர் சாமானியர் அல்ல. 1640 வாக்கில் பிரான்சின் ஃபெர்மா அப்படித்தான் நினைத்தார். 1732-ல் ஆய்லர்தான் 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். இதன் காரணி எதுவானாலும் 64-ன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்றும் அவரே பிறகு நிறுவினார். அந்த வழியில் போனால் 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தல்!

ஆனால் என் மனம் நீங்கள் ஒதுக்கிய எண்ணிடம்தான் நிற்கிறது. 4294967295 என்பது 3 × 5 × 17 × 257 × 65537. ஐந்தும் பகா எண்கள். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று நாம் அறிந்த ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவற்றுள் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள்.

மகளிடம் நோட்டைக் கொடுத்து இப்படிப் போடச் சொல்லுங்கள். 3-உடன் 2 கூட்டினால் 5. 3 × 5 உடன் 2 கூட்டினால் 17. 3 × 5 × 17 உடன் 2 கூட்டினால் 257. அதையும் பெருக்கி 2 கூட்டினால் 65537. நான்கு முறையும் பகா எண். ஐந்தாவது முறை, ஐந்தையும் பெருக்கி 2 கூட்டும்போது வருவதுதான் உங்கள் 4294967297. யாரும் சொல்லிக்கொடுக்காமலே உங்கள் மகள் சரியாக அந்த 2-ஐக் கூட்டியிருக்கிறாள்.