உரக்கடையை விட்டால்தான் ஊழியமா?

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் ஓர் உரக்கடையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு கன்வென்ஷனில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றபோது நானும் எழுந்து நின்றேன். மிஷனெரியாக வட இந்தியாவுக்குப் போக ஆசை. ஆனால் அம்மாவுக்கு சர்க்கரை வியாதி, தங்கை படிக்கிறாள். போகாவிட்டால் அழைப்பைத் தட்டிக்கழித்தவன் ஆகிவிடுவேனோ என்று தூக்கமே வருவதில்லை.
(பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்)

பதில்: தம்பி, முதலில் நன்றாகத் தூங்குங்கள். எழுந்து நின்றது தப்பே இல்லை. அன்று உட்கார்ந்தே இருந்தவர்களுக்கு அழைப்பே கிடையாது என்கிற மாதிரி ஓர் எண்ணத்தை நம் சபைகளில் வளர்த்துவிட்டோம், அதுதான் எனக்கு வருத்தம்.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவன் சொல்லவில்லை, விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றான். போர்ச்சேவகர்களிடம், யாரையும் மிரட்டாதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள் என்றான். மத்தேயுவை ஆண்டவர் ஆயத்துறையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார், உண்மைதான். ஆனால் இன்னோர் ஆயக்காரனான சகேயுவை? அவன் வீட்டுக்கே போய்த் தங்கினார், அவன் அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். கூட வா என்று அவனைக் கூப்பிட்டதாக ஒரு வரிகூட இல்லை.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். சம்பா பயிரில் வட்ட வட்டமாகத் தீய்ந்த மாதிரி காய்கிறது என்று ஒரு பெரியவர் நாலு நாற்றைப் பிடுங்கி, துண்டில் சுற்றிக்கொண்டு வந்து கல்லாப் பக்கம் நிற்கிறார். அடித்தண்டைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும், சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சி. அவர் ஏற்கெனவே யூரியாவை அள்ளிப் போட்டிருப்பார். முதலாளி இந்த சீசனுக்குள் ஒரு குறிப்பிட்ட மருந்தைத் தள்ளியாக வேண்டும் என்று சொல்லியிருப்பார், அதுவோ புகையானை இன்னும் பெருக்கிவிடுகிற பைரித்ராய்டு வகை. அந்த நேரத்தில், "ஐயா, இது வேண்டாம், முதலில் தண்ணியை வடிச்சு வயலைக் காயவிடுங்க, யூரியாவை நிறுத்துங்க, அப்புறமும் அடங்கலைன்னா வாங்க, சரியான மருந்து தர்றேன்" என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! முதலாளியின் முகம் சுருங்கும், கமிஷன் போகும். அதைத் தாங்கிக்கொண்டு சொல்கிறீர்களே, அந்த நிமிடம் நீங்கள் ஊழியம் செய்கிற பணித்தளத்தில்தான் நிற்கிறீர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

நம் தஞ்சாவூர்ச் சீமையிலேயே இதற்கு சாட்சி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கெடுபிடி தாங்காமல் ஊரை விட்டு ஓடிய குடியானவர்கள், அரண்மனை சொன்ன உறுதிமொழியை நம்பவில்லை. மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயர் வாக்குக் கொடுத்த பிறகுதான் திரும்பி வந்து ஏர் பூட்டினார்கள். அவர் பிரசங்கங்களில் எத்தனை அவர்களுக்கு நினைவிருந்ததோ, இந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார் என்பது மட்டும் தெரிந்திருந்தது. உங்கள் கடைக்கு வருகிற விவசாயிக்கும் உங்களைப் பற்றி அது தெரிந்திருக்க வேண்டும்.

வடக்கே போகவே கூடாது என்று சொல்லவில்லை. அம்மாவின் மருந்துச் செலவுக்கும் தங்கையின் படிப்புக்கும் வழி செய்துவிட்டு, சபை மூப்பர்களோடு பேசிவிட்டுப் போங்கள். பயிர் வைத்தியம் தெரிந்தவராகவே போங்கள். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டேதான் ஊழியம் செய்தார்.

கேள்வி: எல்லாரும் இருந்த இடத்திலேயே இருந்தால் போதும் என்றால், தரங்கம்பாடிக்கு மிஷனெரி சீகன்பால்க் ஐயர் வந்தது வீணா?
(மயிலாடுதுறை வாசகர்)

பதில்: நிச்சயமாக இல்லை. 1706இல் அவர் கப்பலேறி வந்து, சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகாமல் இருந்திருந்தால் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்திருக்காது. ஆனால் அதை அச்சில் ஏற்றியது யார் என்று நாம் கேட்பதே இல்லை. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. ஆட்லர் என்கிற அச்சுத் தொழிலாளி இங்கே வந்து சின்ன எழுத்துகளை வார்த்துக் கொடுத்தார், பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். அந்த எழுத்தைக் கோத்தவர்கள், மை தடவினவர்கள், தாளை மடித்தவர்கள் பெயரை எந்த மிஷனெரி ஞாயிறிலும் நான் கேட்டதில்லை. போனவர் தேவை. பட்டறையில் கை கறுத்து நின்றவரும் அதே அளவுக்குத் தேவை.

கேள்வி: மாதம் 500 ரூபாய் மிஷனெரி காணிக்கை தவறாமல் அனுப்புகிறோம். இந்த முறை கை கடிப்பதால், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தை அடுத்த மாதம் தரலாம் என்கிறார் கணவர். சரியா?
(கும்பகோணம் சகோதரி)

பதில்: சரியில்லை அம்மா. கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்று உபாகமம் சொல்கிறது, அவன் அதன்மேல் ஆவலாய் இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. அந்த அக்கா நாளைக் காலை பாத்திரம் தேய்க்க வரும்போது சம்பளத்தைக் கையில் கொடுங்கள். காணிக்கை அடுத்த மாதம் போகட்டும்.