பிரதேச சபை வீதி போட ஏன் அரசாங்கத்திடம் காசு கேட்கிறது?

"வரி வாங்குகிற சபையே வன்னி வீதிகளைத் திருத்தலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ9, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 போன்ற ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. பிரதேச சபைக்கு வருவது பெரும்பாலும் உள்வீதிகள்.

ஆனால் வன்னியில் அதுவே பெரும் சுமை. ஊருக்கு ஊர் இடையில் காடும் வயலும். வீதி நீளம், ஆதன வரி கட்டும் கட்டடங்களோ குறைவு. அந்த வருமானத்தில் கிரவல் பரவிக் குழி மூடலாம், அவ்வளவுதான். கார்த்திகை மழையில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கிரவல் வயலுக்குள் போய்விடும். அப்புறம் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி அச்சுவரை புதையும். மதகு, வடிகாலோடு தார் போட வேண்டுமென்றால் மத்திய அல்லது மாகாண ஒதுக்கீடு கட்டாயம் வேண்டும்.

இதில் காலம்தான் பெரிய சிக்கல். நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. காசு பிந்தி வந்தால் மழைக்குள் வேலை செய்ய முடியாது. ஆகவே சபை வேலைக்கான செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் மூலம் இப்போதே சபைக்குக் கடிதம் கொடுங்கள். எந்த மதகு உடைந்தது, பஸ் எங்கே திரும்பிப் போகிறது என்று குறிப்பாக எழுதுங்கள்.